சிலிக்கா ஜெல் பிரீதர்: நிறத்தைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

"பிரீதர் கலர் மாறிவிட்டது. புதிது மாட்டப்பட்டது." பராமரிப்புப் பதிவேடுகளில் இந்த இரண்டு வரிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்காது. எந்தப் பக்கத்திலிருந்து மாறியது, மாட்டி எத்தனை நாள் ஆயிற்று, ஜெல்லில் ஆயில் பிசுக்கு இருந்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பழைய பிரீதரும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். ஆயில் ஏறி இறங்கும்போது டேங்க் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும், அதுதான் டேங்கின் மூச்சு. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்க, ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளை நிரப்பி டேங்கின் மேல் மாட்டும் டப்பாதான் பிரீதர். டேங்குக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது அந்த டப்பாதான். கழற்றும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஹைட்ராலிக் டேங்க், கியர்பாக்ஸ், லூப்ரிகேஷன் டேங்க், ஆயில் டிரம் ஆகியவற்றில் மாட்டும் பிரீதர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் பிரீதருக்கும் ஒரு பகுதி உண்டு.

முதலில், காற்று எந்த வழியாகப் போகிறது?

இது தெரியாமல் நிறத்தைப் படிக்க முடியாது. பரவலாக இருக்கும் மாடலில் காற்று நுழையும் ஓட்டைகள் கூட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். காற்று அங்கே நுழைந்து, ஒரு ஃபோம் அல்லது ஃபில்டரைத் தாண்டி, ஜெல்லுக்குள் மேலே ஏறி, மேல்பக்க ஃபில்டரைத் தாண்டி, நடுவில் உள்ள குழாய் வழியாகக் கீழே இறங்கி டேங்குக்குள் போகும். ஆகவே வெளிக்காற்று முதலில் தொடுவது அடியில் இருக்கும் ஜெல். டேங்கிலிருந்து ஏறி வரும் காற்று முதலில் தொடுவது மேலே இருக்கும் ஜெல். சில மாடல்களில் ஓட்டைகள் மேல்பக்கம் இருக்கும், அப்போது இந்தக் கணக்கு தலைகீழ். உங்களிடம் இருப்பது எது என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே நான் "அடி", "மேல்" என்று சொல்வதெல்லாம் அடியில் ஓட்டை உள்ள மாடலுக்கு.

நிறமும் மாடலுக்கு மாடல் மாறும். பழைய ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். அதில் இருப்பது கோபால்ட் குளோரைடு, உடலுக்குக் கேடு என்பதால் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். இப்போது அதிகம் வருவது ஆரஞ்சிலிருந்து பச்சையாவது. ஆரஞ்சிலிருந்து வெளுத்துப்போகும் வகையும் உண்டு. கூட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உலர்ந்த நிறம், ஈர நிறம் இரண்டும் போட்டிருக்கும். வெவ்வேறு கம்பெனி பிரீதர்கள் கலந்து இருக்கும் இடத்தில், ஒன்றின் ஈர நிறத்தை இன்னொன்றின் உலர்ந்த நிறமாக நினைத்துவிடும் தவறு நிறைய நடக்கிறது.

அறிகுறி: அடியிலிருந்து மேலாக, நிதானமாக மாறுகிறது

கோளாறு எதுவும் இல்லை. பிரீதர் தன் வேலையைச் செய்கிறது. முக்கால் பங்கு மாறியதும் மாற்றிவிடுங்கள், மேலே கடைசி மணி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். முழுதும் ஈரமான ஜெல் காற்றிலிருந்து எதையும் பிடிக்காது. நாள் சூடேறும்போது பிடித்த ஈரத்தையே திரும்ப விட்டுவிடவும் கூடும்.

அறிகுறி: மேலிருந்து கீழாக மாறுகிறது

இதைப் பார்த்ததும் புதிய பிரீதரைத் தேடி ஸ்டோருக்குப் போக வேண்டாம். தண்ணீர் டேங்குக்குள் இருக்கிறது. ஆயிலில் உள்ள ஈரம் ஆவியாகி, மேலே காலியாக உள்ள இடத்தில் நிறைந்து, நடுக்குழாய் வழியாக ஏறி ஜெல்லின் மேல் பகுதியை நனைத்திருக்கிறது. எத்தனை பிரீதர் மாற்றினாலும் இதே கதைதான் நடக்கும். சின்ன டப்பாவில் உள்ள ஜெல்லால் டேங்கில் உள்ள தண்ணீரை இறைத்துத் தீர்க்க முடியாது.

ஒரு பிரஸ்ஸின் பவர் பேக்கில் (பம்ப்பும் ஆயில் டேங்கும் சேர்ந்த அமைப்பு) நான் பார்த்தது இது. மூன்று வாரத்துக்கு ஒரு பிரீதர் போய்க்கொண்டிருந்தது. "மழைக்காலம், காற்றில் ஈரம் அதிகம்" என்று சொல்லிச் சொல்லி மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஜெல் கரும்பச்சை. அதற்குக் கீழே ஒரு மெல்லிய பட்டை, பச்சையும் ஆரஞ்சும் கலந்து. அதற்கும் கீழே அடிவரை பளிச்சென்ற ஆரஞ்சு. மழைதான் காரணம் என்றால் அந்த அடிப்பகுதிதான் முதலில் போயிருக்க வேண்டும். இரவு முழுக்க மெஷின் நின்றிருந்து, காலையில் பம்ப் போடுவதற்கு முன் டேங்கின் அடி டிரெய்ன் வால்வை மெல்லத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். முதலில் வந்தது வெறும் தண்ணீர். அதன் பின்னால் பால் போல ஒரு கலவை. அப்புறம்தான் ஆயில்.

கடைசியில் குற்றவாளி, தண்ணீரை வைத்து ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் டியூப். மெஷின் ஓடும்போது கூலருக்குள் ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிட அதிகம், ஆகவே ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் போகும், அது யார் கண்ணிலும் படாது. மெஷின் நின்றதும் ஆயில் பிரஷர் பூஜ்யம். தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் அப்படியே நிற்கும். இரவெல்லாம் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆக, மேலிருந்து நிறம் மாறினால் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் டிரெய்ன் பாட்டில், மெஷின் சில மணி நேரமாவது நின்ற பிறகு. பிறகு கூலர்: தண்ணீர்ப் பக்கத்தைக் கழற்றிவிட்டு ஆயில் பக்கம் அனுமதிக்கப்பட்ட பிரஷரில் காற்று ஏற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். கூலிங் டவர் தண்ணீரின் மேல் ஆயில் படலம் மிதக்கிறதா என்பதும் நல்ல துப்பு. கூலர் சரி என்றால் டேங்க் மூடியின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, கேஸ்கெட் சுருங்கியிருக்கிறதா, சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் ராடில் தண்ணீர் தெறித்து, அதைத் துடைக்கும் வைப்பர் சீல் வழியாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். நீராவி டர்பைன் என்றால் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் சீலில் கசியும் நீராவியைச் சந்தேகப்படுங்கள். கடைசியாக, அண்மையில் ஊற்றிய ஆயில் எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நிமிர்த்தி வெளியே வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும். இரவில் டிரம் குளிரும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்தால் இது நடக்காது.

தண்ணீரை வெளியே எடுத்த பிறகுதான் புதிய பிரீதர். முன்னாலேயே மாட்டினால் அதுவும் வீண்.

ஒரு விதிவிலக்கு: வாட்டர் கிளைகால் போன்ற தண்ணீர் கலந்த ஹைட்ராலிக் திரவம் ஓடும் டேங்கில் ஜெல் மேலிருந்துதான் மாறும், அதுவும் சீக்கிரமே. அந்தத் திரவத்தில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அதற்கு ஜெல் பிரீதரே தேவையில்லை, தூசியை மட்டும் பிடிக்கும் பிரீதர் போதும்.

அறிகுறி: ஒரு வாரத்திலேயே முழுதும் மாறிவிட்டது

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் "ஈரக் காற்று" என்ற பதில் போதுமா என்று தெரியும்.

1,000 லிட்டர் ஆயிலும் அதன் மேல் 300 லிட்டர் காற்றும் உள்ள ஒரு டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் 60 டிகிரி, மெஷின் நின்ற பிறகு இரவில் 25 டிகிரி. காற்று சுமார் 31 லிட்டர் சுருங்கும். ஆயில் சுமார் 25 லிட்டர் சுருங்கும். மொத்தம் 56 லிட்டர் வெளிக்காற்று உள்ளே வரும். 25 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 18 கிராம் தண்ணீர் இருக்கும். 56 லிட்டரில் 1 கிராம். அவ்வளவுதான். ஆனால் பிரீதர் இல்லாத டேங்கில் ஒரு வருடத்துக்கு இது கால் லிட்டருக்கு மேல் உள்ளே போகும். அதில் ஒரு பகுதி பகலில் வெளியேறும், மீதி குளிர்ந்த மூடியின் அடியில் துளித்து ஆயிலில் சொட்டும். மூடியின் உட்புறம் துருப்பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான்.

இனி ஜெல். ஈரக் காற்றில் நல்ல சிலிக்கா ஜெல் தன் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீர் பிடிக்கும். 1 கிலோ ஜெல்லுக்கு 300 கிராம். இரவு மூச்சு மட்டும்தான் என்றால் அது பல மாதங்கள் வர வேண்டும். ஒரு வாரத்தில் போகிறது என்றால் தினமும் 40 கிராமுக்கு மேல் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் அதற்குள் போகிறது. அது எந்த வழி?

பெரிய சிலிண்டர் ஓடினால் அதுவே பதிலாக இருக்கலாம். சிலிண்டர் நீளும்போது டேங்கில் குறையும் ஆயில், அந்த ராடின் கன அளவுக்குச் சமம். 140 மில்லிமீட்டர் ராட், 2 மீட்டர் ஸ்ட்ரோக் என்றால் ஒவ்வொரு முறையும் 31 லிட்டர் காற்று உள்ளே வரும். 18 கிராம் கணக்கில் பார்த்தால் 1 கிலோ ஜெல் தாங்குவது 540 ஸ்ட்ரோக் மட்டும். வெளியே போகும் உலர்ந்த காற்று ஜெல் வழியாகவே திரும்பினால் கொஞ்சம் ஈரத்தைத் திருப்பி எடுத்துப் போகும், ஆகவே நடைமுறையில் இதைவிட அதிகம் வரும். காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு வைத்த சில மாடல்களில் வெளியேறும் காற்று ஜெல்லைத் தொடாமல் போய்விடும், அங்கே கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இப்படிப்பட்ட மெஷினுக்கு இன்னும் பெரிய ஜெல் டப்பா தேடுவதைவிட, உள்ளே ரப்பர் பை வைத்த பிரீதர் பொருத்தமானது. அதே காற்று பைக்குள் போய்ப் போய் வரும், வெளிக்காற்று மிகக் கொஞ்சம்தான் உள்ளே வரும்.

சிலிண்டர் இல்லையென்றால் மற்றவற்றைப் பாருங்கள். பைப் வைத்து மெஷின் கழுவும் இடமா? அடி ஓட்டைகளுக்குள் நேராகத் தண்ணீர் பீய்ச்சினால் எந்த ஜெல்லும் நிற்காது. ஒரு தகர மறைப்பு போட்டால் போதும். பக்கத்தில் ஸ்டீம் டிராப் (நீராவி லைனிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வால்வு) திறந்து விடுகிறதா? அப்புறம், ஸ்டோரில் அந்த பிரீதர் எப்படி இருந்தது? சீல் செய்த கவரைப் பிரித்து "எந்த சைஸ்" என்று பார்த்துவிட்டு அலமாரியில் வைத்த பிரீதர், மாட்டுவதற்கு முன்பே பாதி தீர்ந்திருக்கும். கவரை மாட்டும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு ஓரத்தில் அல்லது நடுவில் மட்டும் நிறம் மாறியிருக்கிறது

கூட்டில் விரிசல். மாறிய இடத்துக்கு நேராக விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும். ஏணி இடித்ததோ, யாரோ பிடிமானத்துக்குப் பிடித்துக்கொண்டதோ காரணமாக இருக்கும். எதுவும் இடிக்காமலே நுண்விரிசல் வலைபோல ஓடியிருந்தால் ரசாயனத்தைச் சந்தேகப்படுங்கள். தெளிவான கூடுகள் பலவும் பாலிகார்பனேட். பாஸ்பேட் எஸ்டர் வகைத் தீத்தடுப்பு ஆயிலும், சில கழுவும் கரைப்பான்களும், அமோனியாவும் அதை அரித்துவிடும். அங்கே வேறு பொருளில் செய்த கூடு வேண்டும்.

கழுத்துப் பகுதியில், மரைக்குச் சற்று மேலே விரிசல் விட்டால் அதிர்வுதான் காரணம். ஜெல் மணிகள் ஒன்றோடொன்று உரசி மாவாகவும் ஆகியிருக்கும். பிரீதரை மெஷினிலிருந்து எடுத்து, பக்கத்துச் சுவரிலோ ஃபிரேமிலோ பொருத்தி, ஹோஸ் போட்டு இணையுங்கள். ஹோஸ் டேங்கை நோக்கி ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அந்த வளைவில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி மூச்சை அடைத்துவிடும்.

அறிகுறி: மாதக்கணக்கில் நிறம் மாறவே இல்லை

எல்லோரும் சந்தோஷப்படும் அறிகுறி இது. என்னைக் கேட்டால் அதிகம் பயப்பட வேண்டியதும் இதுதான். காற்று உண்மையிலேயே உலர்ந்த இடமாக இருக்கலாம், அல்லது வெப்பம் மாறாமல், மட்டம் மாறாமல் ஓடும் டேங்காக இருக்கலாம். அப்படி இல்லையென்றால், டேங்க் வேறு மூக்கு வழியாக மூச்சு விடுகிறது என்று பொருள்.

காற்று எப்போதும் தடை குறைந்த வழியில் போகும். பழைய ஃபில்லர் கேப்பில் வலையோடு ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். புதிய பிரீதரை வேறு துளையில் மாட்டிவிட்டுப் பழைய கேப்பை அப்படியே விட்டிருந்தால், காற்று முழுதும் அந்த வலை வழியாகவே போகும். பிரீதர் சும்மா நிற்கும். டிப் ஸ்டிக் துளை, ரிட்டர்ன் பைப் மூடியைத் துளைத்துப் போகும் இடத்தில் உலர்ந்துபோன ரப்பர், ஒரு போல்ட் குறையும் மேன்ஹோல் மூடி, கேபிள் நுழையும் லெவல் ஸ்விட்ச் துளை என எல்லாம் இப்படிப்பட்ட மூக்குகள்தான். சிலிண்டர் நீளும் நேரத்தில், அல்லது மெஷின் நின்று ஆயில் குளிரும் நேரத்தில், ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை அந்த இடங்களில் காட்டுங்கள். எங்கே ஒட்டிக்கொள்கிறதோ அங்கே அடையுங்கள்.

அடாப்டர் மரையையும் பாருங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளில் என்.பி.டி. (அமெரிக்க பைப் மரை) மரைக்கும் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) மரைக்கும் ஓர் இஞ்சுக்கு அதே 14 சுற்றுதான். ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், கைக்கு நன்றாகப் பிடித்ததுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 60 டிகிரி, மற்றதன் கோணம் 55 டிகிரி. எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி இருக்கும். டேப்பைச் சுற்றிச் சமாளிக்காமல் சரியான அடாப்டரை வாங்கிவிடுங்கள்.

அடுத்து, அடியில் உள்ள ஓட்டைகளின் பிளக். பல மாடல்களில் இவை ரப்பர் பிளக்கோ டேப்போ போட்டு மூடித்தான் வரும். மாட்டும்போது எடுக்க மறந்தால் நிறம் மாறாமல் புதிது போலவே இருக்கும். இப்படி மறந்தால் பம்ப்பும் டேங்கும் என்ன பாடுபடும் என்பதைக் கீழே "பம்ப் ஊளையிடுகிறது" என்ற அறிகுறியில் சொல்கிறேன்.

இன்னொன்று: வெயிலில் நிற்கும் கூடு நாளாக ஆக மஞ்சளடிக்கும். அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் நிறம் தப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் கழற்றி, நடுக்குழாய்ப் பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

அறிகுறி: ஜெல் பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஆயில் நனைந்து இருக்கிறது

லேபிளில் இருக்கும் இரண்டு நிறங்களிலும் இது சேராது. ஆயில் பூசிய மணி ஈரத்தைப் பிடிக்காது, நிறத்தையும் காட்டாது. அந்த பிரீதர் முடிந்தது. காரணத்தைத் தேடுங்கள்.

கியர்பாக்ஸ் என்றால் பெரும்பாலும் பல்சக்கரம் அடிக்கும் ஆயில் நேராக அந்தத் துளைக்குள் தெறிக்கிறது. ஓர் அரை அடி உயர நிமிர்ந்த பைப் வைத்து அதன் மேல் பிரீதரை மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏறும் ஆயில் பைப் சுவரில் பட்டு வழிந்து திரும்பிவிடும். ஹைட்ராலிக் டேங்க் என்றால் மட்டம் அதிகமா, நுரை எழும்புகிறதா பாருங்கள். ரிட்டர்ன் பைப் ஆயில் மட்டத்துக்கு மேலே முடிந்தால் அருவி மாதிரி விழுந்து நுரையும் ஆவியும் கிளப்பும். அதை மட்டத்துக்குக் கீழே நீட்டுங்கள். மெஷினை நிறுத்தியதும், பிரஷரில் ஆயிலைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் மொத்த ஆயிலையும் சில விநாடிகளில் டேங்குக்குள் கொட்டினாலும் காற்று வேகமாக வெளியே பாயும், ஆயில் துளிகளையும் அள்ளிக்கொண்டு போகும்.

ஆயில் நனைந்த ஜெல்லை ஆயில் கழிவோடு சேர்த்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் எண்ணமே வேண்டாம், புகைந்து தீப்பிடிக்கும்.

அறிகுறி: பம்ப் ஊளையிடுகிறது, டேங்கின் பக்கம் உள்வாங்குகிறது

பம்ப் ஆயிலை எடுக்கிறது, அந்த இடத்தை நிரப்பக் காற்று வரவில்லை. டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப்புக்கு ஆயில் வருவது தடைபட்டு, ஆயிலில் குமிழிகள் உருவாகி உடையும் கேவிட்டேஷன் சத்தம் வருகிறது, கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல. சதுர டேங்கின் தகடு சிலிண்டர் நீளும்போது உள்ளே போய், சுருங்கும்போது "டப்" என்று வெளியே வரும். அதைக் கேட்டால் உடனே கவனியுங்கள்.

சோதனை எளிது. சத்தம் வரும்போதே ஃபில்லர் கேப்பை மெல்லத் தளர்த்துங்கள். காற்று "உஸ்" என்று உள்ளே இழுத்து, சத்தம் அடங்கினால் பிரீதர்தான் காரணம். அடங்காவிட்டால் சக்ஷன் ஸ்ட்ரெய்னர், சக்ஷன் லைன், குளிரில் கெட்டியான ஆயில் என்று வேறு பக்கம் தேட வேண்டும். தூசி பறக்கும் நேரத்தில் கேப்பை அதிக நேரம் திறந்து வைக்காதீர்கள்.

பிரீதர்தான் என்று உறுதியானால் மூன்று சாத்தியம். பிளக் எடுக்கவில்லை. அல்லது ஃபில்டர் தூசியால் அடைத்துவிட்டது. சிமென்ட், சுண்ணாம்பு, நிலக்கரி கையாளும் இடங்களில் ஜெல் இன்னும் ஆரஞ்சாக இருக்கும்போதே ஃபில்டர் முடிந்துபோகும். அங்கே நிறத்தை நம்பி மாற்றும் நாளைத் தீர்மானிக்க முடியாது, வெற்றிடத்தைக் காட்டும் சின்ன கேஜ் ஒன்றை அடாப்டரில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சைஸ் போதவில்லை. மேலே சொன்ன 31 லிட்டர் சிலிண்டர் 6 விநாடியில் நீண்டால் நிமிடத்துக்கு 310 லிட்டர் வேகத்தில் காற்று வேண்டும். டேங்க் எத்தனை லிட்டர் என்பதை வைத்து பிரீதர் வாங்கினால் இந்த வேகம் கணக்கில் வராது. புவியீர்ப்பில் இறங்கும் ஒற்றைப் பக்க சிலிண்டர் என்றால் ராடை மட்டும் கணக்கிடாமல் முழு கன அளவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். டேங்கை வேகமாகக் காலி செய்யும் டிரான்ஸ்ஃபர் பம்ப்பையும் மறக்காதீர்கள். அந்த வேலையின்போது மேன்ஹோலைத் திறந்து விடுவது பாதுகாப்பு.

இதே அடைப்பு கியர்பாக்ஸில் வேறு வேடத்தில் வரும். சூடேறி விரியும் காற்று வெளியேற முடியாமல் உள்ளே பிரஷர் ஏறும், ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசியும். சீலை மாற்றுவார்கள், ஒரு வாரத்தில் மறுபடி கசியும், இன்னொரு நல்ல கம்பெனி சீல் போடுவார்கள். சீல் கசிகிறது என்று வந்தால் முதலில் பிரீதரைக் கழற்றி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். துளையை மட்டும் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பிரீதர் சரியாக இருக்கிறது, ஆயில் டெஸ்ட் மட்டும் மோசம்

சுத்தத்துக்கான ரிப்போர்ட்டில் ஐ.எஸ்.ஓ. 4406 என்று போட்டு 18/16/13 போல மூன்று எண்கள் இருக்கும். அவை ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் குறியீடுகள். எண் ஒன்று ஏறினால் துகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 18 என்றால் 1,300 முதல் 2,500 வரை. கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகளே 40 மைக்ரான் அளவு. ஆகவே "பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை.

இந்த எண்கள் ஏறுகின்றன, ஜெல் நன்றாக இருக்கிறது, வேறு மூக்கும் இல்லை என்றால், ஆயில் ஊற்றும் வழியைப் போய் நின்று பாருங்கள். நிறைய இடங்களில் பிரீதரைக் கழற்றி, தரையில் வைத்து, அந்தத் துளையில் திறந்த புனலை வைத்து கேனிலிருந்து ஊற்றுவார்கள். 3 மைக்ரான் ஃபில்டர் வைத்த பிரீதர் ஒரு மாதம் காத்ததை அந்தப் பத்து நிமிடம் கெடுத்துவிடும். புது ஆயிலே போதிய சுத்தமாக வருவதில்லை. டேங்கில் ஒரு க்விக் கப்ளர் (ஹோஸைச் சட்டென மாட்டிக் கழற்றும் இணைப்பு) பொருத்தி, ஃபில்டர் வண்டி வழியாக மட்டும் ஏற்றுங்கள். பிரீதரைக் கழற்றாமலே ஆயில் நிரப்ப முடிந்தால் இந்தப் பழக்கம் தானாக நின்றுவிடும்.

தண்ணீர் அளவு மட்டும் ஏறுகிறது என்றால், மேலிருந்து நிறம் மாறும் அறிகுறிக்குச் சொன்ன சோதனைகளையே செய்யுங்கள். லேப் ரிப்போர்ட் வரும்வரை ஒரு சின்ன சோதனை: சுமார் 160 டிகிரி சூட்டில் உள்ள ஹாட் பிளேட்டில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் ஏற்கெனவே பல நூறு பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கிறது. வெடிக்காவிட்டால் ஆயில் உலர்ந்தது என்று அர்த்தமில்லை, கரைந்த நிலையில் இருக்கும் குறைந்த அளவை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு லேபில் தண்ணீரைத் துல்லியமாக அளக்கும் கார்ல் ஃபிஷர் டெஸ்ட்தான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சொட்டு தெறிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் பிரீதர்

இதன் அடியில் ஆயில் கப் இருக்கும், காற்று அந்த ஆயிலைக் கடந்துதான் ஜெல்லுக்கு வரும். மூச்சு விடாத நேரத்தில் வெளிக்காற்று ஜெல்லைத் தொடாமல் காப்பது அந்த ஆயில்தான். ஜெல் சீக்கிரம் மாறினால் முதலில் கப்பில் ஆயில் குறியீடு வரை இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து மாறினால் இங்கே காரணம் வேறு: கன்சர்வேட்டரிலிருந்து (டிரான்ஸ்ஃபார்மரின் மேலே உள்ள ஆயில் டேங்க்) வரும் பைப்பின் ஜாயின்ட்டோ, பிரீதரின் மேல் கேஸ்கெட்டோ கசிந்து, ஈரக் காற்று கப்பைத் தொடாமல் நேராக மேலே நுழைகிறது. லோடு ஏறி இறங்கும் நாளில் கப்பில் குமிழியே வரவில்லை என்றால் அதுவும் அதே கசிவையோ, அடைப்பையோதான் காட்டுகிறது. போக்குவரத்துக்காக வைத்த சீல் வாஷரை எடுக்காமல் மாட்டியிருக்கவும் கூடும்.

ஜெல்லைச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாமா?

திறந்து நிரப்பும் வகை பிரீதரில், ஆயில் படாத ஜெல்லாக இருந்தால், முடியும். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஜெல் தயாரிப்பாளர் சொல்லும் சூட்டுக்கு மேல் போகாமல், பழைய நிறம் வரும்வரை வைக்க வேண்டும். 120 டிகிரியைத் தாண்டினால் ஆரஞ்சு வகையின் நிறமி கெட்டுவிடும். அப்புறம் ஈரத்தைப் பிடிக்கும், நிறத்தைக் காட்டாது. சமையல் அடுப்போ, சமையல் பாத்திரமோ இதற்கு வேண்டாம். சூடு ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். சீல் செய்து வரும் டப்பா வகையைப் பிரித்து ஜெல்லை மாற்ற முயலாதீர்கள், உள்ளே உள்ள ஃபில்டரும் அதே அளவு தூசியைக் குடித்திருக்கும், அதை யாரும் சூடாக்கிப் புதிதாக்க முடியாது.

புதிதை மாட்டியதும் கூட்டின் மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். வாரம் ஒரு முறை நிறம் ஏறிய உயரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி. கழற்றும் நாளில் அந்தக் கோடுகளோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, பதிவேட்டில் அந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக எழுத வேண்டியது: "அடியிலிருந்து" அல்லது "மேலிருந்து".